கூத்துப் பாட்டெல்லாம் மனப்பாடம், ஒரு வரி வாசிக்க முடியவில்லை

மட்டக்களப்பு மாவட்டத்தின் பட்டிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு தாய் ஒன்பது பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு ஒன்பது வயது, தரம் 4. வாய்ப்பேச்சில் கெட்டிக்காரன். ஊரில் சிறுவர் கூத்துப் பழக்குகிறார்கள். அண்ணாவியார் இரண்டு தரம் பாடிக்காட்டினால் அந்தத் தருவை, அதாவது கூத்துப் பாட்டை, ஓர் எழுத்துப் பிசகாமல் பாடுகிறான். கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசில் ஒரு ரூபாய் பிழைக்காது. புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பக்கத்தைக் கடகடவென்று சொல்வானாம். தரம் 3 வரை தாயும் அதை வாசிப்பு என்றுதான் நினைத்திருக்கிறார். ஒருநாள் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டபோதுதான், பிள்ளை வாசிக்கவில்லை, காதால் கேட்டதை ஒப்புவிக்கிறான் என்பது தெரிந்தது.

வகுப்பாசிரியை "சோம்பல்" என்கிறார். சொல்வதெழுதலில் எல்லாம் பிழையென்று ஒருநாள் முழங்காலில் நிற்க வைத்திருக்கிறார். மாமியார் நூல் கட்டுவித்தார். கொழும்பிலுள்ள உறவினர் நிறக் கண்ணாடியும் கண் பயிற்சியும் வேண்டும் என்கிறார். ஒரு நிலையம் மூன்று மாதத்தில் "முழுதாகக் குணப்படுத்தித்" தருவதாகச் சொல்லியிருக்கிறது. அதற்குச் சங்கிலியை ஈடு வைக்கலாமா என்று கேட்கிறார். அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் இப்போதே மூன்று ரியூசன். அதிபர், விசேட கல்வி அலகுக்கு மாற்றினால் நல்லது என்கிறார். கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இப்படி: "இவருக்கும் எழுத்து வாசிக்க வராது. மேசன் வேலையில் கணக்கெல்லாம் தலையில்தான். 'என்ட ரத்தம், விடு' என்கிறார். மகனுக்குப் புத்தி குறைவா, அதைச் சொல்லுங்கள்."

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் புத்தி குறைவுக்கான அடையாளம் எதையும் நான் காணவில்லை. இரண்டு தரம் கேட்டுத் தருவைப் பிடிக்கிற, மிச்சக் காசு பிழைக்காத பிள்ளைக்கு மூளை மந்தம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில வைத்தியர் ஒரு மருத்துவ இதழில் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் சமர்த்தன், பேச்சில் சுட்டி, ஆனால் தன் பெயரைக்கூடச் சரியாக எழுத வராது. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பாடசாலையிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். அந்தப் பையனைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்ப் பிள்ளைகளின் முகம்தான் வரும். இதைத்தான் இன்று டிஸ்லெக்சியா என்கிறோம்.

கடிதத்தை மட்டும் வைத்து உங்கள் மகனுக்கும் அதுதான் என்று முத்திரை குத்த மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வதெல்லாம் அந்தப் பக்கமாகத்தான் கையைக் காட்டுகிறது, தகப்பனின் கதை உட்பட. இது குடும்பத்தில் ஓடுகிற விஷயம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கைந்து பேருக்கு வரலாம். "என்ட ரத்தம்" என்று உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. "விடு" என்பதுதான் பிழை.

கண்ணிலா கோளாறு?

இல்லை. எழுத்து தலைகீழாகத் தெரிவதுதான் டிஸ்லெக்சியா என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இடறல் ஒலியில் இருக்கிறது. 'மீன்' என்று சொன்னால் நமக்கு அது ம், ஈ, ன் என்று பிரிந்து கேட்கும். இந்தப் பிள்ளைகளுக்கு அது உடையாத ஒரே கட்டியாகக் கேட்கிறது. உடைக்கத் தெரியாத ஒலியோடு எழுத்தை எப்படி ஒட்டுவது? அதனால்தான் ஐம்பது தரம் எழுத வைத்தும் மறுநாள் மறந்துபோகிறது. தரு அப்படியல்ல, முழுதாக வந்து முழுதாகப் போகிறது, அதை யாரும் உடைக்கச் சொல்வதில்லை.

நிறக் கண்ணாடியும் கண் பயிற்சியும் வாசிப்புக் குறைபாட்டைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமும் கண் வைத்தியர் அமைப்புகளும் 2009இல் கூட்டாகவே அறிவித்துவிட்டன. சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். மூன்று மாதத்தில் முழுக்குணம் என்று வாக்குக் கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். குணமாக்க இது காய்ச்சல் அல்ல. முறையாகக் கற்பித்தால் பிள்ளை வாசிப்பான். மற்றவர்களைவிட மெதுவாக வாசிப்பான். வளர்ந்த பிறகும் எழுத்துப் பிழை கொஞ்சம் மிஞ்சலாம். வாழ்க்கைக்கு அது போதும்.

ஆனாலும் ஒரு தடவை கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். தூரத்துக் கரும்பலகை தெரியாமலோ, காதில் சீழ் வடிந்து அரைகுறையாகக் கேட்டோ பின்தங்குகிற பிள்ளைகளும் உண்டு. களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் காட்டலாம், அங்கிருந்து தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலைதான், பஸ் காசு மட்டும்தான் செலவு. நூலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை; மாமியாரின் மனத்திருப்திக்குக் கையில் கிடந்தால் கிடக்கட்டும்.

டிஸ்லெக்சியா என்று எழுதிய அறிக்கை ஒன்று கிடைத்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். தமிழ்ப் பிள்ளையைத் தமிழில் முறையாகப் பரிசோதிக்கக்கூடியவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. ஆங்கிலத்துக்குச் செய்த சோதனையை மொழிபெயர்த்துப் போட்டு வரும் புள்ளிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அறிக்கை வந்தாலும் வராவிட்டாலும் கற்பிக்கும் முறை ஒன்றுதான். பரீட்சைச் சலுகைக்கு அறிக்கை தேவைப்படும். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

தமிழ் எழுத்து எங்கே இடறுகிறது

அ, ஆவன்னா அட்டையைச் சுவரில் மாட்டி, 247 எழுத்தையும் ஒப்புவிக்கச் சொல்கிறோம். அதைப் பாட்டாகப் பாடிவிட்டுப் போகும் உங்கள் மகனைப் போன்ற பிள்ளையிடம்தான் நாம் ஏமாறுகிறோம். அட்டையை முழுதாகச் சொல்கிறவனிடம் 'கீ'யைத் தனியே காட்டிக் கேளுங்கள், 'க, கா, கி' என்று முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வருவான்.

நம் எழுத்துக்கென்று சில பொறிகளும் உண்டு. 'பகல்', 'கடல்' இரண்டிலும் அதே க, ஒலியோ வேறு. 'படம்', 'பாடம்', 'பட்டம்' மூன்றும் நமக்கு மூன்று சொல். இடறுகிற பிள்ளைக்கு ஒன்றுபோலத் தெரியும், ஏனென்றால் வித்தியாசம் ஒரு காலிலும் (ா) ஒரு புள்ளி எழுத்திலும் இருக்கிறது. 'கெ', 'கே', 'கை' என்பவற்றில் பின்னால் ஒலிப்பது முன்னால் எழுதப்படுகிறது. 'கொ' என்றால் இன்னும் மோசம், அடையாளம் இரண்டு பக்கமும் நிற்கிறது. 'கு, சு, து, மு' ஒவ்வொன்றுக்கும் வால் ஒவ்வொரு மாதிரி. ண, ன, ந சிக்கலை ஆசிரியர்களே முழுதாகக் கடந்ததில்லை, விடுங்கள். கன்னடம் வாசிக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சோனாலி நாக் செய்த ஆய்வுகளிலும், இந்த வகை எழுத்துகளை முழுதாகப் பிடிக்கச் சாதாரணப் பிள்ளைகளுக்கே பல வருடம் எடுப்பது தெரிகிறது.

அதனால் உங்கள் பிள்ளைக்கு வேண்டியது இன்னொரு ரியூசன் அல்ல. ஏறாத முறையை மூன்று இடத்தில் மூன்று பேர் திரும்பச் செய்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டையாவது நிறுத்துங்கள். அண்ணாவியார் எப்படிப் பழக்குகிறார் என்று பார்த்திருப்பீர்களே. முதல் நாளே பிள்ளையைக் கூத்தாடும் களரியில் ஏற்றுவதில்லை. முதலில் தாளக்கட்டு, பிறகு ஆட்டம், அதற்குப் பிறகு பாட்டோடு ஆட்டம், சதங்கை அணிவதற்கே மாதக் கணக்காகும். வாசிப்பையும் அப்படித்தான் படிப்படியாக, எதையும் ஊகத்துக்கு விடாமல் கற்பிக்க வேண்டும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும் ஒலியையும் எழுத்தையும் ஒழுங்குமுறையாகச் சேர்த்துக் கற்பிப்பதைத்தான் வலியுறுத்தியது. அவர்கள் பார்த்தது ஆங்கிலம். தமிழுக்கு எழுத்து வரிசையை நாம்தான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் அரை மணித்தியாலம்

கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம், அதற்கு மேல் வேண்டாம். பிள்ளை களைத்த பிறகு நடப்பது கற்பித்தல் அல்ல, சண்டை.

முதல் ஐந்து நிமிடம் புத்தகமே வேண்டாம். ஒலி விளையாட்டு. 'கல்லடி' என்று சொல்லிக் கைதட்டுங்கள்: கல், ல, டி. 'கல்'லை எடுத்தால் மிச்சம் என்ன? கொஞ்ச நாளில் இன்னும் நுணுக்கமாக, 'ப், ஆ, ல்' என்று பிரித்துச் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். குறிலுக்கு மேசையில் ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை இழுத்து ஒரு கோடு. கூத்துப் பிள்ளைக்குத் தாளம் ஏற்கெனவே கையில் இருக்கிறது; 'படம், பாடம்' வித்தியாசத்தை அவன் கண்ணைவிடக் கை சீக்கிரம் பிடிக்கும்.

அப்புறம் எழுத்து. முதலில் ஐந்தே ஐந்து: க, ட, ப, ம, ல, புள்ளியோடும் புள்ளி இல்லாமலும். இவற்றை வைத்தே கல், பல், படம், கடல், பகல், கடகம், பட்டம், கப்பல் என்று எத்தனை சொல் வருகிறது பாருங்கள். இவை தடுமாறாமல் வந்த பிறகே காலைக் கொடுங்கள்: கால், பால், பாடம், பாலம், மாமா. பிறகு ி, ீ. அதற்குப் பிறகு ு, ூ, அதையும் எழுத்து எழுத்தாக. கொம்பு வைத்த கெ, கே, கை, கொ எல்லாம் கடைசி. ல வந்து இரண்டு மாதமாவது போகாமல் ளவைக் காட்டாதீர்கள். ஒன்றுபோல ஒலிப்பதை ஒரே கிழமையில் கொடுத்தால் இரண்டும் குழம்பும்.

ஒவ்வொரு எழுத்தையும் ஒலியை வாயால் சொல்லிக்கொண்டே எழுதட்டும். மணலிலோ கொப்பியிலோ, எங்கே எழுதினாலும் சரி. மணல் தட்டில் மந்திரம் ஒன்றும் இல்லை, வாயும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்வதுதான் முக்கியம். ஐம்பது தரம் எழுதுவதை இன்றோடு விடுங்கள். ஆசிரியையாக இருந்த காலத்தில் நானும் பிள்ளைகளை நூறு தரம் எழுத வைத்திருக்கிறேன். எட்டாவது வரியிலிருந்து பிழையையே அழகாக எழுதிப் பழகினார்கள். எனக்கு அது புரிய வெகு காலம் சென்றது.

வாசிக்கக் கொடுக்கும் வரியில் அவனுக்குத் தெரிந்த எழுத்து மட்டும் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட புத்தகம் கடையில் தேடிக் களைக்காதீர்கள், நீங்களே எழுதுங்கள். "மாமா கப்பல் பாட்டம் பாட" என்று கொஞ்சம் கிறுக்குத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளை சிரிப்பான். படம் வேண்டாம், படத்தைப் பார்த்து ஊகித்துவிடுவான். பிழையாக வாசித்தால் "யோசி, யோசி" என்று காத்திருக்காமல் உடனே திருத்தி, அந்தச் சொல்லை உடைத்துக் காட்டி, மறுபடி வாசிக்க விடுங்கள். ஒரே வரியை மூன்று நாள் வாசிக்கட்டும், மூன்றாம் நாள் வேகம் கூடுவது அவனுக்கே தெரியும்.

இதற்கிடையில் சுற்றாடல், சமயப் பாடங்களை நீங்கள் அல்லது அக்காமார் வாசித்துக் காட்டுங்கள். கைபேசியில் தமிழை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது, அதையும் பாவிக்கலாம். இதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். வாசிக்க வராத காரணத்தால் அறிவும் பட்டினி கிடக்கக் கூடாது.

பாடசாலையில் என்ன கேட்கலாம்

வகுப்பாசிரியையோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கும் இதை யாரும் முறையாகக் கற்பித்திருக்க மாட்டார்கள். எனக்கும் பயிற்சிக் காலத்தில் கற்பிக்கவில்லை. ஆனால் முழங்காலில் நிறுத்தியதைப் பேசாமல் விடவும் கூடாது. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் சொல்கின்றன. அதிபரிடம் தன்மையாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

கேட்கக்கூடிய உதவிகள் செலவில்லாதவை. முன்கூட்டிச் சொல்லாமல் வகுப்புக்கு முன் எழுப்பி வாசிக்க வைக்க வேண்டாம். தெரிந்த பதிலை வாயால் சொல்ல விடலாம். கரும்பலகையில் உள்ளதைக் கொப்பியில் எழுத நேரம் கூடக் கொடுக்கலாம். சுற்றாடல் பாடத்தில் எழுத்துப் பிழைக்குப் புள்ளி குறைக்க வேண்டாம். இவற்றை ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, பிரதி ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டு வந்தது மறந்துபோகும், எழுதிக் கொடுத்தது பாடசாலைக் கோவையில் கிடக்கும்.

விசேட கல்வி அலகு பற்றி எனக்கே இரண்டு மனம். அந்த அலகின் ஆசிரியர்தான் சில வேளைகளில் அந்தப் பாடசாலையில் இதற்குப் பயிற்சி பெற்ற ஒரே ஆள். அவரிடம் நாளுக்கு ஒரு மணித்தியாலம் வாசிப்புக்காகப் போய் வந்தால் நல்லது, அதை அவமானமாக எடுக்காதீர்கள். ஆனால் நாள் முழுவதும் அங்கேயே இருத்தி, வேறு வகைத் தேவையுள்ள பிள்ளைகளோடு நிறம் தீட்டிக்கொண்டிருக்க என்றால் வேண்டாம். கணக்கில் முன்னுக்கு நிற்கும் பிள்ளை அதையும் இழப்பான். யார் கற்பிப்பார், எத்தனை மணித்தியாலம், எப்போது வகுப்புக்குத் திரும்புவான் என்று கேளுங்கள். பதில் தெளிவில்லை என்றால், பட்டிருப்பு வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரியைச் சந்தித்துக் கதையுங்கள்.

"கூட்டிக்கொண்டு போங்கள்" என்று யாராவது சொன்னால் பயப்படத் தேவையில்லை. 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். வலது குறைந்தோர் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, வலது குறைவைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுத்துப் பாகுபாடு காட்ட முடியாது. வழக்குப் போடச் சொல்லவில்லை, உங்கள் குரல் நடுங்காமல் இருக்க இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

புலமைப்பரிசில்? எழுதட்டும், எழுதாமல் விடட்டும். சித்தியடையாவிட்டாலும் தரம் 6 போவான். க.பொ.த சாதாரண தரம்தான் நாம் பார்க்க வேண்டிய கரை. விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகை கேட்க இடமுண்டு, அதிபர் மூலமாக, வைத்திய அறிக்கையோடு, நன்றாக முன்கூட்டியே.

இன்னொன்று. பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இந்த இடறல் இருப்பதாகப் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். முப்பத்தைந்து பேர் வகுப்பு என்றால் இரண்டு மூன்று பேர். உங்கள் மகன் அந்த வகுப்பில் தனியாக இல்லை. மற்றத் தாய்மாரும் உங்களைப் போலவே வாயை மூடிக்கொண்டு ரியூசனுக்குக் காசு கட்டுகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒருத்தியிடமாவது கதைத்துப் பாருங்கள். உயர்தரம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அவர்களில் பொறுமையான ஒருத்திக்கு மேலே சொன்ன வரிசையைக் காட்டிக் கொடுத்தால், நூலகத்திலோ அறநெறி வகுப்பு நடக்கும் மண்டபத்திலோ மூன்று பிள்ளைகளைச் சேர்த்து வைத்து நடத்தலாம். அந்த மூன்று மாத நிலையத்துக்குப் போகும் காசில் கால்வாசி போதும். பட்டம் பெற்ற நிபுணர் வந்து சேரும்வரை காத்திருந்தால் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும்.

ஆறு மாதம் இடைவிடாமல் செய்தும் அந்த முதல் ஐந்து எழுத்துச் சொற்களே தங்கவில்லை என்றால் அல்லது வாசிப்பு என்றதும் வயிற்றுவலி, வாந்தி, பள்ளிக்குப் போக மறுப்பு என்று வந்தால், போதனா வைத்தியசாலையின் பிள்ளை வைத்தியரிடம் மறுபடி போங்கள். மனச் சோர்வு ஏறிய பிள்ளைக்கு முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் சின்ன எழுத்தில் எழுதியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். மகன் முன்னால் "உனக்கும் ஏறாது" என்று அவர் சொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி. அதற்குப் பதிலாக, தனக்கு வகுப்பில் என்ன நடந்தது, எந்த எழுத்தில் மாட்டிக்கொண்டார், எப்படி ஒளித்துச் சமாளித்தார் என்று ஒருநாள் மகனிடம் மட்டும் சொல்லட்டும். நாற்பது வயதிலும் இதே முறையில் வாசிக்கப் பழகலாம். அதை நீங்கள் அவரிடம் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பின்னேரம் வேலை முடிந்து வந்து, மகன் 'கடல், கப்பல்' எழுதும்போது பக்கத்தில் வந்து இருந்தால், ஒன்றும் பேசாமல் இன்னொரு கொப்பியை எடுத்து வையுங்கள்.